பனிமலையில் வேரூன்றியவர்

நுழையும்முன்

புதிய பயிரொன்றை நாட்டிற்குக் கொண்டுவந்தவர்களின் பெயர்களை வரலாறு எளிதில் மறந்துவிடுகிறது. உண்போர் கனியை அறிவர், நட்டவரை அறியார். இமயமலைச் சிற்றூர் ஒன்றில் ஆப்பிள் மரம் நட்ட ஒருவர், அவ்வூர் மக்களின் தோளை அழுத்திய சுமையை இறக்கவும் போராடினார்; இந்திய விடுதலைக்காகச் சிறையும் சென்றார். பிறப்பால் அமெரிக்கர், வாழ்வால் இந்தியர் ஆகிய சத்யானந்த ஸ்டோக்ஸின் வரலாறு இப்பாடம்.

கொன்றையும் ஆப்பிளும்

செங்கல்பட்டு மாவட்டத்து அச்சரப்பாக்கம், அச்சிறுபாக்கம் என்னும் பழம்பெயரால் பாடல் பெற்ற தலம். அத்திருக்கோயிலின் தலமரம் சரக்கொன்றை. சித்திரை வெயில் ஏற ஏறக் கொன்றை இலையுதிர்த்துப் பொன்னிறச் சரங்களாய்ப் பூத்துத் தொங்கும். வெயிலே அதற்கு விருந்து. அவ்வூர்க் கடைத்தெருவில் தள்ளுவண்டியில் அடுக்கப்பட்டிருக்கும் ஆப்பிளின் கதையோ நேர்மாறானது. ஆப்பிள் மரம் குளிரால்தான் பூக்கிறது.

இலையுதிர்காலத்தில் ஆப்பிள் மரம் இலைகளை உதிர்த்துவிட்டு உறங்கத் தொடங்கும். அவ்வுறக்கத்தின்போது 7 டிகிரி செல்சியசுக்குக் குறைவான குளிரில் குறிப்பிட்ட நேரம் கழிந்தால்தான் அதன் மொட்டுகள் ஒழுங்காக விழிக்கும். டெலிஷியஸ் எனப்படும் வகைகளுக்கு இவ்வாறு 1,000 மணி நேரத்திற்கும் மேற்பட்ட குளிர் தேவைப்படுகிறது. குளிர் போதாவிடில் மரம் தடுமாறும். ஒரு கிளை துளிர்க்கும், மறுகிளை உறங்கும், பூ காலம் தவறி வரும், காய் பிடிக்காது. மார்கழி விடியலில் அச்சரப்பாக்கத்து ஏரிக்கரையில் பனி இறங்கலாம். போர்வையைத் தேடச் செய்யும் அக்குளிர் ஆப்பிள் மரத்தை ஏமாற்றப் போதாது. கொடைக்கானலிலும் நீலகிரியிலும் பேரிக்காயும் பிளம்சும் நன்கு விளைகின்றன; ஆனால் இமயமலையின் நீண்ட குளிர்காலம் அங்கும் இல்லை.

ஆகவே தில்லியும் கோயம்பேடும் கடந்து தென்கோடிச் சிற்றூர்க் கடைகளுக்கு வரும் இந்திய ஆப்பிள், காசுமீரத்திலோ இமாச்சலப் பிரதேசத்திலோ விளைந்ததாகவே பெரும்பாலும் இருக்கும். இமாச்சலத்தில் இன்று 1 லட்சம் ஹெக்டேருக்கும் மிகுதியான நிலத்தில் ஆப்பிள் பயிரிடப்படுகிறது. நூறாண்டுகளுக்கு முன்னர் அம்மலைகளில் கோதுமையும் பார்லியும் உருளைக்கிழங்கும் விளைந்தன. வறுமையும் உடன் விளைந்தது. இடைப்பட்ட காலத்தில் நிகழ்ந்த மாற்றத்தின் தொடக்கத்தில் ஒரு மனிதரின் பெயர் நிற்கிறது.

செல்வத்தைத் துறந்த இளைஞர்

அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில், 1882 ஆகஸ்டு 16ஆம் நாள் சாமுவேல் எவான்ஸ் ஸ்டோக்ஸ் பிறந்தார். அவருடைய குடும்பம் எளிமையையும் அமைதியையும் போற்றும் குவேக்கர் மரபைச் சேர்ந்தது. தந்தையார் மின்தூக்கி முதலிய எந்திரங்களைச் செய்யும் நிறுவனத்தை நடத்திய செல்வந்தர். அத்தொழிலை மகன் ஏற்று நடத்துவார் என்றே குடும்பத்தார் எதிர்பார்த்தனர். மகனின் மனமோ வணிகத்தில் செல்லவில்லை. இந்தியாவில் தொழுநோயாளர் இல்லம் ஒன்றை நடத்திவந்த மருத்துவர் கார்ல்டன் இணையரைச் சந்தித்தபின் அவர் தம் வழியைத் தேர்ந்துகொண்டார். பெற்றோர் வருந்தினர், எனினும் தடுக்கவில்லை. 1904ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் பம்பாய்த் துறைமுகத்தில் வந்திறங்கியபோது ஸ்டோக்ஸுக்கு வயது இருபத்தொன்று.

சிம்லா மலையடிவாரத்திலுள்ள சபாத்து என்னும் ஊரில் தொழுநோயாளர்களுக்குத் தொண்டு செய்யும் பணியில் அவர் சேர்ந்தார். தொழுநோய் என்றால் உறவினரும் விலகி ஓடிய காலம் அது. மறு ஆண்டே, 1905 ஏப்ரல் 4ஆம் நாள், காங்ரா பள்ளத்தாக்கைப் பெரும் நிலநடுக்கம் குலைத்தது. ஏறத்தாழ 20,000 பேர் மாண்ட அப்பேரிடரில் துயர்துடைப்புப் பணிக்கு ஸ்டோக்ஸ் விரைந்து சென்றார். இக்காலத்தில் சாது சுந்தர்சிங்கும் அவருடன் இணைந்து பணியாற்றினார்.

சமவெளியின் வெப்பம் வடநாட்டுக் குளிரில் வளர்ந்த அவருடலை வாட்டியது. எனவே சிம்லாவுக்கு அப்பால், சட்லெஜ் ஆற்றுப் பள்ளத்தாக்கின் மேலே அமைந்த கோட்கர் பகுதிக்குச் சென்றார். தேவதாரு மரக்காடுகளும் அடுக்கடுக்கான வயல்களும் நிறைந்த அம்மலையூர் அவரைத் தன்பால் ஈர்த்துக்கொண்டது.

ஊரோடு ஒன்றியவர்

தொண்டு செய்ய வருபவருக்கும் தொண்டு பெறுபவருக்கும் இடையே எப்போதும் ஒரு படிக்கட்டு இருக்கும். ஒருவர் மேற்படியில் நின்று கொடுப்பார். மற்றவர் கீழ்ப்படியில் நின்று பெறுவார். ஸ்டோக்ஸை இந்த ஏற்றத்தாழ்வு உறுத்தியது. மேலைநாட்டு உடையை விடுத்து எளிய இந்திய உடையை அணிந்தார். துறவி போல் தனித்து வாழ்ந்தார். மலைமக்களின் மொழியைக் கற்றார். ஆனால் துறவியும் ஊருக்கு வெளியே நிற்பவர்தான். ஊராருள் ஒருவராக வேண்டுமெனில் அவர்களைப் போல் நிலத்தை உழ வேண்டும், இல்லறம் நடத்த வேண்டும், மழை பொய்த்தால் தாமும் கவலைப்பட வேண்டும் என்னும் தெளிவுக்கு அவர் வந்து சேர்ந்தார். துறவை விட்டு இல்லறத்திற்கு வந்தது அவர் வாழ்வின் பெருந்திருப்பம். அதைப் பின்வாங்கல் என்று கருதியோரும் உண்டு. பின்னர் நடந்தவற்றை நோக்கினால் அதுவே அவருடைய மெய்யான தொடக்கம் எனத் தோன்றும்.

1912ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில், அப்பகுதியைச் சேர்ந்த இராசபுத்திரக் கிறித்தவக் குடும்பத்தின் மகளான ஆக்னஸ் என்னும் பெண்ணை அவர் மணந்தார். ஆட்சி செய்யும் இனத்தாரோடு தோற்றத்தால் ஒத்த ஒருவர், மலைநாட்டுப் பெண்ணை முறைப்படி மணந்து அவ்வூரிலேயே குடியமர்வது அன்று வியப்புக்குரிய செயல். கோட்கரை அடுத்த தானேதாரில், பாரோபாக் என்னுமிடத்தில் பழைய தேயிலைத் தோட்டம் ஒன்றை விலைக்கு வாங்கினார். ஏறத்தாழ 200 ஏக்கர் பரப்புடைய அந்நிலத்தில் ஹார்மனி ஹால் என்னும் இல்லத்தை எழுப்பினார். மலைநாட்டு மரவேலைப்பாடும் மேலைநாட்டு அமைப்பும் கலந்த வீடு அது. அவ்விணையருக்கு மக்கள் எழுவர் பிறந்தனர்.

உழவராகிய பின்னரே ஊராரின் வறுமைக்கான காரணம் அவருக்கு முழுமையாக விளங்கியது. சரிவான மலைநிலம் சிறுசிறு துண்டுகளாகப் பிரிந்து கிடந்தது. அதில் விளையும் தானியம் ஓராண்டுக்குப் போதாது. மிஞ்சிய நாள்களுக்குக் கடன்தான் துணை. கோதுமையும் பார்லியும் விளைந்த நிலத்தில் வேறென்ன விளையும், அதனை விலை கொடுத்து வாங்குவோர் யார் என்னும் இரண்டு வினாக்களோடு அவர் ஆப்பிளிடம் வந்தார்.

புளித்ததும் இனித்ததும்

இமாச்சல மலைகளில் முதன்முதல் ஆப்பிள் நட்டவர் ஸ்டோக்ஸ் அல்லர். இதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். 1870ஆம் ஆண்டளவில் குலு பள்ளத்தாக்கின் பந்த்ரோல் என்னுமிடத்தில் கேப்டன் லீ என்னும் ஆங்கிலேயர் தோட்டம் அமைத்தார். 1887இல் அலெக்சாண்டர் கூட்ஸ் என்பவர் சிம்லாவை அடுத்த மசோப்ராவில் மற்றொரு தோட்டம் கண்டார். அம்மரங்கள் வளர்ந்தன; காய்த்தன. எனினும் மலைமக்களின் வாழ்வில் அவற்றால் பெரிய மாற்றம் நேரவில்லை.

காரணம் சுவையில் இருந்தது. ஆங்கிலேயர் தம் நாட்டிலிருந்து கொண்டுவந்தவை காக்ஸ் ஆரஞ்ச் பிப்பின் போன்ற வகைகள். இனிப்போடு புளிப்பும் கலந்த அச்சுவை ஆங்கிலேயர் நாவிற்குப் பழக்கமானது. மாம்பழமும் வாழையும் பலாவும் உண்டு பழகிய இந்தியருக்குப் பழம் என்றால் இனிக்க வேண்டும். மலையிலிருந்த சில நூறு துரைமார்களை நம்பி ஒரு நாட்டின் உழவர்கள் பயிர் செய்ய இயலாது. மண் ஏற்றாலும் மக்கள் ஏற்காத பயிர் தோட்டத்து அழகாகவே நின்றுவிடும்.

எனவே தேர்வு இருமுனைப்பட்டதாயிற்று. கோட்கரின் உயரத்திற்கும் குளிருக்கும் ஏற்றதாக மரம் இருக்க வேண்டும். இந்தியச் சந்தைக்கு ஏற்றதாகக் கனி இருக்க வேண்டும். கழுதை முதுகிலும் கோவேறு கழுதை முதுகிலும் ஏறி மலைப்பாதையில் நாள்கணக்கில் பயணம் செய்தாலும் அக்கனி கெடாதிருக்க வேண்டும் என்பது மூன்றாவது தேவை. அமெரிக்காவில் மிசௌரி மாநிலத்தைச் சேர்ந்த ஸ்டார்க் சகோதரர்கள் நாற்றுப்பண்ணை அந்நாளில் டெலிஷியஸ் என்னும் புதிய வகையைப் பரப்பிவந்தது. ஆழ்ந்த செந்நிறம், நீண்ட வடிவம், அடியில் ஐந்து முகடுகள், புளிப்பு மிகக் குறைந்த இனிப்பு, தடித்த தோல் ஆகியவை அதன் இயல்புகள். ஸ்டோக்ஸ் அக்கன்றுகளைத் தருவித்து, 1916ஆம் ஆண்டின் குளிர்காலத்தில் பாரோபாக்கில் நட்டார்.

கடல் கடந்து வந்த கன்று எனினும், தோட்டத்தைப் பெருக்குவதற்கு ஒட்டுக்கட்டும் கலையே கைகொடுக்கும். ஆப்பிள் விதையை ஊன்றினால் தாய்மரத்தின் கனி கிடைக்காது. ஒவ்வொரு விதையும் வெவ்வேறு குணமுள்ள மரமாகும். பெரும்பாலும் புளிப்பும் சிறு காயுமே மிஞ்சும். ஆகவே உள்ளூர் மண்ணுக்குப் பழகிய நாற்றின் அடித்தண்டில், விரும்பிய வகையின் சிறு குச்சியைச் சீவிப் பொருத்திக் கட்டுவர். இரண்டின் பச்சைத் தோலும் ஒன்றையொன்று தொட்டுக் கூடிவிட்டால் வேர் ஒன்றினுடையதாகவும் கனி மற்றொன்றினுடையதாகவும் ஒரே மரம் வளரும். நெல்லிக்கும் மாவுக்கும் நம் தோட்டங்களில் செய்யும் ஒட்டும் இதுவே.

தெரிந்து தெளிவோம்

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஜெஸ்ஸி ஹையட் என்னும் உழவரின் தோட்டத்தில் வரிசைக்கு வெளியே ஆப்பிள் கன்று ஒன்று தானாக முளைத்தது. வேண்டாத கன்று என அதனை அவர் வெட்டினார், மீண்டும் துளிர்த்தது. மறுபடியும் வெட்டினார், மறுபடியும் துளிர்த்தது. பிழைத்துப் போகட்டும் என்று விட்டுவிட்டார். அம்மரத்தின் கனியை 1893இல் ஸ்டார்க் பண்ணை நடத்திய போட்டிக்கு அனுப்பியபோது, அனுப்பியவர் பெயரும் முகவரியும் தொலைந்துபோயின. மறு ஆண்டு அவர் மீண்டும் அனுப்பியதால்தான் உரியவர் யாரென்று தெரிந்தது. அதுவே டெலிஷியஸ். பின்னாளில் மஞ்சள்நிற வகையொன்று வந்து சேரவே, வேறுபடுத்திக் காட்டுவதற்காக ரெட் டெலிஷியஸ் எனப்பட்டது.

மஞ்சள்நிற வகையின் வரலாறும் ஸ்டோக்ஸின் தோட்டத்தோடு தொடர்புடையது. மேற்கு வர்ஜீனியாவின் மலைப்பண்ணை ஒன்றில் கண்டெடுக்கப்பட்ட அம்மரத்தை ஸ்டார்க் பண்ணையார் 1914இல் 5,000 டாலருக்கு வாங்கி, அதைச் சுற்றிக் கம்பிக்கூண்டு கட்டிக் காத்தனர். அதற்குக் கோல்டன் டெலிஷியஸ் என்று பெயரிட்டனர். 1921ஆம் ஆண்டு ஸ்டோக்ஸின் தாயார் இவ்வகைக் கன்றுகளை வாங்கித் தம் மகனுக்குக் கிறித்துமஸ் பரிசாக அனுப்பினார். அது வெறும் பரிசன்று. ரெட் டெலிஷியஸ் தன் மகரந்தத்தால் தானே காய்க்க வல்லதன்று. வேறொரு வகையின் மகரந்தத்தைத் தேனீக்கள் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். ஒரே பருவத்தில் பூக்கும் கோல்டன் டெலிஷியஸ் அதற்குத் தக்க துணைமரம். சிவந்த கனியின் விளைச்சலைப் பொன்னிறக் கனி பெருக்கியது.

தோளில் ஏறிய சுமை

தாயின் பரிசு குறிக்கப்பட்ட அந்த 1921 டிசம்பரில் மகன் சிறையில் இருந்தார்.

சிம்லாவிலிருந்து கோட்கர் வழியாகத் திபெத் எல்லை நோக்கிச் சென்றது இந்துஸ்தான் - திபெத் சாலை. அச்சாலையில் பயணம் செய்த அதிகாரிகளின் பெட்டிகளையும் கூடாரங்களையும் சுமப்பது மலைமக்களின் கட்டாயக் கடமையாக இருந்தது. பேகார் என்று இதற்குப் பெயர். அறுவடை நாளானாலும், வீட்டில் நோயாளி இருந்தாலும் அழைப்பு வந்தால் போயாக வேண்டும். கூலி இல்லை, கிடைத்தாலும் பெயரளவே. பாலும் புல்லும் விறகும் கூட அவ்வாறே தர வேண்டும். சாலையோரத்து ஊரில் பிறந்ததே ஒருவனுக்குத் தண்டனையாயிற்று.

ஸ்டோக்ஸின் தோளில் யாரும் சுமையை ஏற்ற மாட்டார்கள். அவருடைய தோலின் நிறம் அவரைக் காத்தது. அந்தக் காப்பையே அவர் வெறுத்தார். அதிகாரிகளுக்கு முறையீடுகளை எழுதினார். இதழ்களில் கட்டுரைகள் எழுதினார். கோட்கர் மக்கள் ஒன்றுகூடிப் பேகாருக்குச் செல்ல மறுத்தனர். அண்ணல் காந்தியடிகள் தம் யங் இந்தியா இதழில் இப்போராட்டத்தைக் குறித்து எழுதினார். அச்சுறுத்தல்களுக்கும் பேச்சுவார்த்தைகளுக்கும் பின், 1921இல் அரசு பணிந்தது. கோட்கரில் பேகார் கட்டுப்படுத்தப்பட்டது. விடுதலைப் போராட்ட வரலாற்றில் இது சிறிய நிகழ்வாகக் கருதப்படலாம். சுமை இறங்கிய தோளுக்கு அது சிறிதன்று.

இதற்கிடையே சி.எஃப்.ஆண்ட்ரூஸின் நட்பும் காந்தியடிகளின் வழியும் அவரைக் காங்கிரசுப் பேரியக்கத்திற்குள் கொண்டுவந்தன. 1920ஆம் ஆண்டு நாகபுரி மாநாட்டில் கோட்கரின் பேராளராகக் கலந்துகொண்டார். அனைத்திந்தியக் காங்கிரசுக் குழுவில் இடம்பெற்ற ஒரே அமெரிக்கர் அவரே. கதராடை அணிந்தார். மேலை நாகரிகத்தின் குறைகளையும் இந்தியரின் தன்னுரிமையையும் பற்றி அவர் எழுதிய கட்டுரைகள் 1921இல் சென்னையில் நூல்களாக வெளிவந்தன. கோட்கர் மலையில் எழுதியவை தமிழ்மண்ணில் அச்சேறின என்பது நாம் நினைவிற்கொள்ளத்தக்கது.

1921 டிசம்பர் 3ஆம் நாள் இலாகூர் செல்லும் வழியில், வாகா என்னுமிடத்தில் அவர் கைது செய்யப்பட்டார். அரசுக்கு எதிராக வெறுப்பை வளர்த்தார் என்பது குற்றச்சாட்டு. அவர் எதிர்வழக்காடவில்லை. ஆறு திங்கள் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. ஐரோப்பியக் கைதிகளுக்கெனச் சிறையில் தனி வசதிகள் இருந்தன. அவற்றை ஏற்க மறுத்து, இந்தியக் கைதிகளோடு ஒருவராக இருந்தார். பேகாரில் தம்மைக் காத்த நிறத்தைச் சிறையிலும் அவர் பயன்படுத்திக்கொள்ளவில்லை.

தானியமா, பழமா?

சிறையிலிருந்து மீண்டபின் ஸ்டோக்ஸின் கவனம் மீண்டும் நிலத்தின்மேல் திரும்பியது. கட்டாயச் சுமை ஒழிந்துவிட்டது. வறுமை ஒழியவில்லை. தம் தோட்டத்தில் மட்டும் ஆப்பிள் விளைந்தால் அவர் மற்றுமொரு தோட்ட முதலாளியாகவே இருந்திருப்பார். அயலாரின் வயலிலும் அது விளைய வேண்டும் என்பது அவர் விருப்பம். ஊரார் எளிதில் இணங்கவில்லை.

அவர்களைக் குறை கூற இயலாது. நாற்றின் வேரில் ஒட்டிய ஆப்பிள் மரம் நட்டு ஆறு முதல் எட்டு ஆண்டுகள் கழித்தே நன்கு காய்க்கத் தொடங்கும். ஓரிரு ஏக்கர் நிலமுடைய உழவர் ஒருவர் கோதுமையை விட்டுவிட்டு மரத்தை நட்டால் அத்தனை ஆண்டுகள் பிள்ளைகளுக்கு எதை ஊட்டுவார்? பழம் பசி தீர்க்குமா? விற்காமல் அழுகினால் கடன்காரனுக்கு என்ன விடை? அறியாமையால் எழுந்த அச்சமன்று இது. பசியை நன்கறிந்தவர்களின் கணக்கு.

அக்கணக்கிற்கு ஸ்டோக்ஸ் சொற்களால் விடையளிக்கவில்லை. கன்றுகளை விலையின்றி வழங்கினார். நடும் முறையையும் கவாத்து செய்யும் முறையையும் தாமே சென்று கற்பித்தார். இளமரங்களின் இடையே இருக்கும் நிலம் வீணாவதில்லை. மரம் நிழல் பரப்பும்வரை அங்கே அவரையும் உருளைக்கிழங்கும் பயிரிடலாம். எனவே ஒரே நாளில் வயலைத் தோட்டமாக்க வேண்டியதில்லை. சிலர் வரப்போரத்தில் நான்கு மரங்கள் வைத்துப் பார்த்தனர். சிலர் அதையும் செய்யாமல் வேடிக்கை பார்த்தனர்.

ஆப்பிள் வளர்ப்பில் ஓராண்டின் ஒவ்வொரு பருவத்திற்கும் ஒரு வேலை உண்டு. மழை ஓய்ந்த பின் குழி தோண்டி, மக்கிய தொழுவுரம் இட்டு மூடி வைப்பர். மரம் உறங்கும் குளிர்காலத்தில், வேர் அசைவை உணராத வேளையில் கன்றை நடுவர். ஒட்டிய பகுதி மண்ணுக்கு மேலே இருக்க வேண்டும். மண்ணில் புதைந்தால் மேற்கிளையே வேர்விடத் தொடங்கும். மரத்திற்கு மரம் இருபதடிக்குக் குறையாமல் இடைவெளி தேவை. பனி மூடிய நாள்களிலேயே கவாத்தும் நடக்கும். எந்தக் கிளையை நீக்கினால் எந்தக் கிளைக்கு வெயில் கிட்டும் என்று கண்டறிவதில்தான் தோட்டக்காரரின் திறமை உள்ளது. மார்ச்சில் மொட்டு அவிழும். ஏப்ரலில் வெண்மையும் இளஞ்சிவப்புமாய் மலையே பூக்கும். உழவர் மிகவும் அஞ்சுவதும் அப்போதுதான். ஓரிரவு உறைபனி பூவைக் கருக்கிவிடும். கால் மணி நேர ஆலங்கட்டி மழை ஓராண்டு உழைப்பைத் தரையில் கொட்டிவிடும். அவற்றைத் தாண்டிவந்த காய்கள் ஆகஸ்டு, செப்டம்பர்த் திங்களில் சிவக்கும்.

1926ஆம் ஆண்டளவில் பாரோபாக் தோட்டத்தின் ஆப்பிள் விற்பனைக்குச் சென்றது. புளிப்பான ஆப்பிளையே அறிந்திருந்த சிம்லா சந்தைக்கு இந்தச் செங்கனி புதுமையாக இருந்தது. அதற்குக் கிடைத்த விலையை ஊரார் கண்டனர். பத்தாண்டு கால அறிவுரை செய்யாததை ஒரு பருவத்து விற்பனை செய்தது. அதன்பின் கன்று கேட்டு அவர்களே வந்தனர். அதிகாரியின் பெட்டியைக் கூலியின்றிச் சுமந்து சென்ற அதே சாலையில், தம் நிலத்துப் பழங்களை மரப்பெட்டிகளில் அடுக்கிக் கோவேறு கழுதைகளின்மேல் ஏற்றிக்கொண்டு கோட்கர் மக்கள் சந்தைக்குச் சென்றனர்.

இழப்பும் தேடலும்

ஸ்டோக்ஸின் மக்களுள் ஒருவன் தாரா. எட்டு வயதில் நோயுற்று அச்சிறுவன் இறந்துபோனான். நோயாளர்களுக்குத் தொண்டு செய்வதையே தொழிலாகக் கொண்டு இந்நாட்டிற்கு வந்தவரால் தம் மகனைக் காக்க இயலவில்லை. அத்துயரில் அவர் மிகவும் ஒடுங்கிப்போனார். மகனின் பெயரால் ஊர்ப் பிள்ளைகளுக்கெனப் பள்ளி ஒன்றை நடத்தினார். நெடுந்தொலைவிற்குப் பள்ளியே இல்லாத மலைப்பகுதியில் உழவர் வீட்டுப் பிள்ளைகள் கல்வி பெற அது வழி திறந்தது.

இந்தியச் சமய நூல்கள்பால் அவருக்கு நெடுநாளாகவே ஈடுபாடு இருந்தது. வடமொழியைக் கற்று உபநிடதங்களையும் பகவத் கீதையையும் மூலத்திலேயே பயின்றார். 1932ஆம் ஆண்டு ஆரிய சமாஜத்தின் வழி இந்து சமயத்தை ஏற்றுச் சத்யானந்தர் ஆனார். ஆக்னஸ் அம்மையார் பிரியாதேவி எனப் பெயர் பெற்றார். கிறித்தவத் தொண்டராக வந்தவர் சமயம் மாறியதை அவருடைய பழைய நண்பர்கள் பலரால் ஏற்க முடியவில்லை. தாம் வாழும் மக்களின் வழிபாட்டிலும் பங்கு பெறாமல் அவர்களோடு முழுமையாக ஒன்ற இயலாது என்று அவர் கருதினார். 1937இல் பாரோபாக் குன்றின்மேல் பரமஜோதிர் மந்திர் என்னும் கோயிலை எழுப்பி, அதன் மரப்பலகைகளில் கீதை, உபநிடத வரிகளைச் செதுக்கச் செய்தார்.

1946 மே 14ஆம் நாள் சத்யானந்த ஸ்டோக்ஸ் மறைந்தார். தோட்டங்களில் பூ உதிர்ந்து பிஞ்சு பிடித்திருக்கும் பருவம் அது. நாடு விடுதலை பெறுவதற்கு ஓராண்டும் சில திங்களுமே எஞ்சியிருந்தன. அவர் கண்ணாரக் காண விரும்பிய நாளை அவருடைய ஊரார் கண்டனர்.

அவருக்குப் பின்

விடுதலைக்குப் பின் சாலைகள் அகன்றன. கோவேறு கழுதைகள் சென்ற வழியில் சரக்குந்துகள் சென்றன. சிம்லா, குலு, கின்னௌர், மண்டி, சம்பா ஆகிய மாவட்டங்களில் ஆப்பிள் பரவியது. டெலிஷியஸிலிருந்து தோன்றிய ராயல் என்னும் வகை இமாச்சல ஆப்பிளின் மற்றொரு பெயராகவே ஆகிவிட்டது. வறுமைக்குப் பெயர்பெற்றிருந்த கோட்கர், வளமான உழவர்களின் ஊராக அறியப்பட்டது.

இன்று அம்மலைகளில் பனி குறைந்துவருகிறது. தாழ்வான பள்ளத்தாக்குகளில் மரங்களுக்கு வேண்டிய குளிர் நேரம் கிடைப்பதில்லை. அங்குள்ள உழவர் சிலர் ஆப்பிளை விடுத்து மாதுளைக்கு மாறியுள்ளனர். தோட்டங்களோ இன்னும் உயரமான கின்னௌர், லாகௌல் - ஸ்பிதி பகுதிகளை நோக்கி மேலேறுகின்றன. குறைந்த குளிரே போதும் என்னும் புதிய வகைகளும் உருவாக்கப்பட்டுள்ளன. முதிர்ந்த டெலிஷியஸ் மரங்களை அகற்றிவிட்டு, இரண்டு மூன்று ஆண்டுகளிலேயே காய்க்கும் குட்டையான வேர்த்தண்டுகளில் ஒட்டிய காலா முதலிய வகைகளைப் பலர் நட்டுவருகின்றனர். எந்த வகையைத் தேர்வது, சந்தை அதை ஏற்குமா, காய்க்கும்வரை வீட்டை எவ்வாறு நடத்துவது என்று, குளிர்காலத்தில் குழி தோண்டிய நிலத்தருகே நின்று, கோட்கர் உழவர்கள் மீண்டும் கணக்கிட்டுக்கொண்டிருக்கின்றனர்.